கிட்டாருக்க எடம்

கம்பெனி சட்டை இல்ல அண்ணாச்சி. எல்லாரும் அப்பிடித்தான் கேக்குகாங்க. காலையில கோயம்புத்தூர் ஸ்டேஷன்ல டீ குடிக்கும்போதுகூட ஒரு ஆளு, "முந்திரி பேக்டரியிலயா வேல?"ன்னு கேட்டாரு. நெஞ்சுல பெருசா 'அண்டி ஆபீஸ்'னு போட்டிருந்தா வேற என்ன நினைப்பாங்க? எங்க நாகர்கோவில் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற எடத்த அப்பிடித்தான் சொல்லுவோம். ஆனா இது பேண்டாக்கும். கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால சிவப்புக் கோட்டு போட்டுட்டு ஊதிட்டுப் போவாங்களே, அது இல்ல. ராக்கு. ஹார்டு ராக்கு.

நான் அதுல பாடகன். பேரு கிளாட்சன்.

பேப்பர மடக்கி வச்சுக்கிடுங்க, சொல்லுகேன். இனி மதுரை வரைக்கும் நேரம் கெடக்கு. அதுல ஒண்ணும் இருக்காது, நான் நேத்தே பாத்துட்டேன்.

ஹார்டு ராக்குன்னா எப்பிடி இருக்கும்னா, கிட்டாருக்க வயர ஒரு சின்னப் பெட்டியில கொண்டு சொருகி, அந்தப் பெட்டிய மிதிச்சா சத்தம் கரகரன்னு வரும். லோடு லாரி மேட்டுல ரெண்டாவது கியர்ல ஏறுகது மாதிரி. மொதல்ல கேக்கிறவங்களுக்குத் தலைவலிக்கும். பழகிட்டா அந்தக் கரகரப்புக்குள்ள ஒரு அழுகை இருக்கிறது தெரியும். ரெக்ஸ்லின் வாசிச்சா கண்டிப்பா தெரியும். ரெக்ஸ்லின்தான் எங்க கிட்டார். அவனும் நானும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே சர்ச்சு, ஒரே குவயர். குவயர் மாஸ்டர் என்ன எப்பவும் கடைசி வரிசையில, தூணுக்குப் பின்னால நிறுத்துவாரு. "உனக்க சத்தத்துக்கு அந்த எடந்தான் சரி"ம்பாரு. அப்பவே அவருக்குத் தெரிஞ்சிருக்கு, தூணத் தாண்டியும் கேக்கிற சத்தம்னு. ரெக்ஸ்லின் முன்னால உக்காந்து கிட்டார் வாசிப்பான். பேசமாட்டான். சின்னதுலேருந்தே அவன் அப்பிடித்தான். அவனுக்கும் சேத்து நான் பேசிடுவேன். நல்ல ஜோடி பாத்துக்கிடுங்க.

அப்புறம் சுயம்பு. டிரம்ஸ். அவனுக்க மாமாவுக்கு ஒரு அண்டி ஆபீஸ் இருந்தது, கருங்கல் போற வழியில. மூடிப் போட்டிருந்தாங்க. தகரக் கூரை, பெரிய ஷெட்டு, செவரெல்லாம் அந்த முந்திரித் தோட்டு எண்ணெய் நாத்தம். அங்கதான் சனிக்கிழமை சனிக்கிழமை பிராக்டீஸ். எவ்வளவு சத்தம் போட்டாலும் கேக்க ஆளு கெடையாது, சுத்தி வாழைத் தோட்டம். பேஸ் கிட்டாருக்கு ரெக்ஸ்லினுக்க தங்கச்சி பெனிட்டா. நாங்க நாலு பேருதான். பேண்டுக்கு நான் வச்ச பேரு 'இடிமுழக்கம்'. இவங்க அண்டி ஆபீஸ்னு மாத்திட்டாங்க. இடிமுழக்கம் நல்ல பேருதானே? அத விடுங்க.

எனக்க சோலி அறிவிப்பு. ஆட்டோவுல மைக்கக் கட்டிட்டு, "வாருங்கள், வாருங்கள்"னு ஜவுளிக்கடைக்கும் நகைக்கடைக்கும் சொல்லிட்டுப் போவாங்களே. சிலபேரு ஒருதடவை பேசிப் பதிஞ்சு வச்சு அதையே போட்டுக்கிட்டே போவாங்க. நான் நேரடியாவே பேசுவேன். ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு மாதிரி. பள்ளிக்கூடம் வந்தா பிள்ளைங்களுக்கு ரெண்டு புத்திமதி, சந்தை வந்தா வெலவாசியப் பத்தி ரெண்டு வார்த்தை. டிரைவர் "அண்ணே, கடைப் பேரையும் சொல்லுங்க"ம்பான். சொல்லுவோம், சொல்லுவோம்.

வீட்டுலயா? ஷீபா அவ அம்மா வீட்டுல இருக்கா. காதுக்குள்ள இரைச்சல்னு சொன்னா. கொஞ்ச நாள் அமைதியா இருக்கணும்னு டாக்டர் சொன்னாராம், அதான் போயிருக்கா. போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸுக்குப் போனது. இன்னும் சரியாகலயாம். போன் பண்ணினா மாமியாதான் எடுக்கும். நாங்க நல்லாத்தான் பேசிக்கிடுவோம், நானும் மாமியாவும்.

எங்க விட்டேன்? ஆங், பேண்டு.

தக்கலைப் பக்கம் ஒரு காலேஜுல ஒருதடவை வாசிச்சோம். எங்களுக்கு அரை மணி நேரம் குடுத்தாங்க. இந்தப் பாட்டெல்லாம் புதுசு, ஜனங்களுக்குப் புரியணுமே? அதனால ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலயும் அது எப்பிடி உண்டாச்சு, எனக்கு அந்த வரி எங்க வச்சு வந்தது, அதெல்லாம் நான் வெளக்கிச் சொன்னேன். மொத்தத்துல ரெண்டு பாட்டுதான் வாசிக்க முடிஞ்சுது, அதுக்குள்ள அடுத்த ஆட்கள் வந்துட்டாங்க. ஆனா கைதட்டு இருக்கே அண்ணாச்சி! நான் கடைசியா பேசி முடிச்சு மைக்கக் குடுத்தப்ப தட்டினாங்க பாருங்க, பாட்டுக்குக்கூட அப்பிடித் தட்டல. சுயம்பு திரும்பி வரும்போது வேன்ல கடைசி சீட்டுல போய் உக்காந்துட்டான். கம்பு ரெண்டையும் மடியில வச்சுட்டு வெளியவே பாத்துட்டு வந்தான். மேடை ஏறி எறங்கினா சிலபேருக்கு அப்பிடித்தான், ஒரு அசதி.

செரி, இனி நாங்க போட்ட ஆல்பத்துக்கு வாறேன்.

ரெக்ஸ்லினுக்க அப்பா ரப்பர் பால் வெட்டுக்குப் போறவரு. குலசேகரம் பக்கம் எஸ்டேட்டு. பேச்சே கெடையாது அந்த மனுஷனுக்கு. நாம போனா ஒரு 'ம்'. வரும்போது ஒரு 'ம்'. அவ்வளவுதான். எனக்கே அவருகிட்ட பேச்சுக் குடுத்து முடியலன்னா பாத்துக்கிடுங்க. ஆனா பையன் கிட்டார் வாசிச்சா வாசல்ல வந்து நிப்பாரு. உள்ள வரமாட்டாரு. ஒருநாள் காலையில பால் வெட்டப் போனவரு அங்கயே மரத்துல சாஞ்சு உக்காந்துட்டாரு. மத்தவங்க போய்ப் பாத்தப்ப உயிர் இல்ல.

அடக்கத்துல போதகர் ரெக்ஸ்லினக் கூப்பிட்டு, "ரெண்டு வார்த்தை சொல்லு மக்கா"ன்னாரு. அவன் மைக்க வாங்கிட்டு நின்னான். நின்னான், நின்னான், வாய் தொறக்கல. ஜனங்க எல்லாம் அழத் தொடங்கிட்டாங்க. எனக்கு மனசு கேக்கல. போய் அவன் கையிலேருந்து மைக்க வாங்கி நான் பேசினேன். நல்லாப் பேசினேன். வெயில் ஏறி குடை பிடிச்சுட்டெல்லாம் நின்னு கேட்டாங்க. நண்பன்னா அதுக்குத்தானே?

அதுக்கப்புறம் ரெக்ஸ்லின் கொஞ்ச நாள் பிராக்டீஸுக்கு வரல. வந்தப்ப ஒரு புது டியூன் கொண்டு வந்தான். மத்ததப் போல வேகமில்ல. பைய வரும். கிட்டார் ஒரு சத்தத்தப் போட்டுட்டு அப்பிடியே விட்டுரும். அது தகரத்துல முட்டி, செவத்துல முட்டி, தேஞ்சு தேஞ்சு போவும். போய் முடிஞ்சப்புறம் அடுத்த சத்தம். நடுவுல ஒண்ணுமே கெடையாது. பெனிட்டா பேஸ்ல ரொம்பத் தணிவா ஒண்ணு புடிச்சுட்டே இருப்பா. சுயம்பு கம்ப வச்சுட்டு துணி சுத்தின கட்டையால தட்டுவான். எனக்குக் கேட்டதுமே புரிஞ்சுது, இது அப்பாவுக்குள்ளதுன்னு. அடுத்த சனிக்கிழமைக்குள்ள வரி எழுதிட்டேன்.

"அப்பா நீ சொன்ன ஆயிரம் வார்த்தை, அத்தனையும் என் நெஞ்சில் கீர்த்தனை."

எப்பிடி இருக்கு? அந்த வெறும் எடம் இருக்கில்லையா, சத்தம் தேஞ்சு போற எடம், அதுல எல்லாம் வார்த்தை கச்சிதமா உக்காந்துட்டு. நான் அத ஷெட்டுல பாடிக் காட்டினேன். பாதியில பெனிட்டா பேஸ கீழ வச்சுட்டு வெளிய எறங்கிப் போயிட்டா. வாழைத் தோட்டத்துக்குள்ள போய் நின்னா. அந்தப் பிள்ளைக்கு மனசு தாங்கல பாத்துக்கிடுங்க. வார்த்தைக்கு அவ்வளவு சக்தி.

ரெக்ஸ்லின்தான் சொன்னான். "கிளாட்சா, இதுக்கு வரி வேண்டாம் மக்கா."

"ஏம்ல? சரியா உக்காருகே?"

"அப்பா அப்பிடியெல்லாம் பேசினதில்ல."

"அதான்ல நான் எழுதினது. அவரு பேசாததையும் சேத்துப் பேசினாத்தான பாட்டு?"

அவன் கிட்டார்க் கம்பியத் தொடச்சுட்டே இருந்தான். "அந்த வெறும் எடம் கிட்டாருக்க எடம். அத விட்டுரு"ன்னான். கிட்டாருக்கு என்ன தனியா எடம்? எல்லாம் சேந்ததுதானே பாட்டு? நான் அவனுக்கு அத நல்லா எடுத்துச் சொன்னேன். சாயங்காலம் வரைக்கும் சொன்னேன். கடைசியில செரின்னு தலையாட்டினான்.

திருவனந்தபுரத்துல ரெக்கார்டிங். மலையாளத்துக்காரர் ஒருத்தருக்க ஸ்டூடியோ. மொதல்ல மூணு பேரும் வாசிச்சுட்டாங்க, அப்புறம் என்ன ஒரு கண்ணாடி ரூமுக்குள்ள விட்டு, காதுல மாட்டி விட்டு, பாடச் சொன்னாங்க. நான் பாடினேன். கிட்டார் தனியா வாசிக்கிற எடம் வந்தா சும்மா நிக்க முடியுமா? அங்கயும் ரெண்டு வரி, ஒரு ஆலாபனை. அந்த சாரு கையைக் குறுக்க ஆட்டிட்டு, "மதி சாரே, மதி"ன்னுட்டே இருந்தாரு. அங்க உள்ளவங்க பாராட்டினா அப்பிடித்தான் சொல்லுவாங்க போலன்னு நான் இன்னும் பாடினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவங்க மூணு பேரும் பேசிட்டு நிக்காங்க. எனக்குக் கேக்காது. வாய் அசையிறதுதான் தெரியும். சுயம்பு கையை வீசி வீசிப் பேசுகான். ரெக்ஸ்லின் தரையப் பாத்துட்டு நிக்கான். நான் கையை ஆட்டினேன். பெனிட்டா மட்டும் திரும்பி ஆட்டினா.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிஞ்சு, ரெக்ஸ்லின் வீட்டுக்கு வந்தான். அவனா என் வீட்டுக்கு வந்து ரொம்ப நாளாச்சு. எனக்கு ஒரே சந்தோஷம். ஷீபா போனப்புறம் வீட்டுக்கு ஆளு வாறது குறைவு. உக்கார வச்சு, டீ போட்டுக் குடுத்து, பேசினேன். அவன் நாற்காலி நுனியில உக்காந்துட்டு, "கிளாட்சா, ஆல்பத்தப் பத்தி ஒண்ணு சொல்லணும்"னான். நானும் அதத்தான் சொல்ல நினைச்சேன்! அட்டையில என்ன படம் போடணும், நாலு பேரும் எப்பிடி நிக்கணும், வெளியீட்டுக்கு யாரக் கூப்பிடணும், எல்லாம் நான் யோசிச்சு வச்சிருந்தேன். சொல்லச் சொல்ல வந்துட்டே இருக்கு. நடுவுல ரெண்டு மூணு தடவை "இல்ல மக்கா"ன்னான். "இரு, இத முடிச்சிடுகேன்"னேன். டீ ஆறிப் போச்சு. வெளிய வெயிலு எறங்கிப் போச்சு. அவன் எழும்பி எனக்க தோள்ல கையை வச்சுட்டு கொஞ்ச நேரம் நின்னான். "போயிட்டு வாறேன்"னு போயிட்டான். என்ன சொல்ல வந்தான்னு நான் அப்புறம் யோசிச்சேன். நான் சொன்னதத்தான் அவனும் சொல்ல வந்திருப்பான். அதான் எல்லாத்தையும் நான் சொல்லிட்டேனே.

சுயம்புவும் ஒருநாள் வடசேரி பஸ் ஸ்டாண்டுல வச்சு என்னப் புடிச்சான். அவன் கொஞ்சம் கோவக்காரன். "லேய், நான் சொல்லிடுகேன். ரெக்ஸ்லினால முடியல"ன்னு தொடங்கினான். ரெக்ஸ்லினுக்கு உடம்புக்கு என்னவோன்னு நான் பயந்துட்டேன். எங்க சித்தப்பாவுக்கு இதே மாதிரித்தான் ஒண்ணும் முடியாம வந்தது, அதுக்கு எங்க கொண்டு காட்டினோம், யாரு நல்ல டாக்டர், எல்லாம் சொன்னேன். அதுக்குள்ள அவனுக்கு பஸ் வந்துட்டு. ஓடிப் போய் ஏறினான். படியில நின்னுட்டு என்னப் பாத்து ரெண்டு கையையும் கும்பிட்டான். நான் டாக்டர் பேரு சொன்னதுக்காக்கும்.

கடைசியா பெனிட்டாதான் போன்ல எழுதி அனுப்பினா. "கிளாட்சன் அண்ணே, ஆல்பத்த பாட்டு இல்லாம வெறும் மியூசிக்கா போடுறோம். உங்ககிட்ட நேர்ல சொல்ல ரெண்டு பேரும் வந்தாங்க, முடியல. எங்கமேல வருத்தப்படாதீங்க." அப்பிடி. நல்ல பிள்ளை. இதுல வருத்தப்பட என்ன இருக்கு? எனக்குப் புரிஞ்சுது. மொதல்ல மியூசிக்க மட்டும் விட்டு ஜனங்களப் பழக்குவாங்க. அப்புறம் குரலோட ரெண்டாவது விடுவாங்க. சினிமாவுலகூட மொதல்ல டீசர்தானே வரும்? நான் பெரிய பதிலா எழுதி அனுப்பினேன். பேசியும் அனுப்பினேன். அவ ஒரு கும்பிடு படம் மட்டும் போட்டா.

அதுக்கப்புறம் சனிக்கிழமை பிராக்டீஸ் இல்லன்னுட்டாங்க. நான் ஒருநாள் சும்மா அந்தப் பக்கம் போனேன். ஷெட்டுக்குள்ள வாசிக்கிற சத்தம் ரோட்டு வரைக்கும் கேட்டுது. வேற யாருக்காவது வாடகைக்கு விட்டிருப்பாங்கன்னு நினைச்சு, தொந்தரவு பண்ண வேண்டாம்னு திரும்பிட்டேன். நல்லா வாசிச்சாங்க அந்த ஆளுங்க. கொள்ளாம்.

ஆல்பம் வந்ததே எனக்குத் தெரியாது. குவயர்ல பழைய ஆளு ஒருத்தர் போன்ல அனுப்பி, "உங்க பேண்டுப் பிள்ளைங்க ஆல்பம் போட்டிருக்காங்களே"ன்னாரு. நான் அப்ப ஆட்டோவுல இருக்கேன், ஒரு ஜவுளிக்கடைக்கு ஆடித் தள்ளுபடி அறிவிப்பு. வடசேரி சந்தைக்கிட்ட டிரைவர் டீ குடிக்க எறங்கினான். நான் காதுல மாட்டினேன்.

மொதல் பாட்டு தொடங்கிச்சு. எனக்கு ஒவ்வொரு அடியும் தெரியும். நாலு சுத்து போகும், அஞ்சாவதுல நான் வரணும். நாலு போச்சு. அஞ்சு போச்சு. நான் வரல. 'முன்னிசையக் கொஞ்சம் நீட்டியிருக்கான்'னு நினைச்சேன். பாட்டே முடிஞ்சிட்டு. அடுத்தது. அதுலயும் அப்பிடித்தான். ஒவ்வொரு தடவையும் மூச்ச இழுத்துட்டு உக்காந்திருக்கேன் அண்ணாச்சி, இப்ப வருவேன், இப்ப வருவேன்னு. ஒரு ஆல்பம் முழுக்க எனக்கு முன்னிசையாவே போச்சு. பெனிட்டா எழுதினது மறந்துட்டான்னு கேக்காதீங்க. மறக்கல. இருந்தாலும் ஒரு எடத்துலயாவது இருக்கும்னு.

மூணாவது பாட்டுல தாங்கல. நானே பாடிட்டேன். காதுல மியூசிக்கு, வாயில வரி. மைக்கு ஆன்ல கெடந்தது எனக்குத் தெரியாது. சந்தை முழுக்க கேட்டிருக்கு. கண்ணத் தொறந்து பாத்தா மீன் வித்துட்டிருந்த அக்காமாரெல்லாம் என்னையே பாக்குகாங்க. ஒருத்தங்க, "யாருல அது, யாரு செத்துட்டா?"ன்னு கேட்டாங்க. டிரைவர் ஓடி வந்து சுவிட்ச அணைச்சான். அந்தக் கடைக்காரர் அதுக்கப்புறம் என்னக் கூப்பிடல. அவருக்கும் வியாபாரம் டல்லுதானே இப்ப.

கோயம்புத்தூர்ல வெளியீட்டுக் கச்சேரின்னு போட்டிருந்தாங்க, அவிநாசி ரோட்டுல ஒரு ஹாலு. என்னக் கூப்பிடல. கூப்பிடணுமா? வீட்டு ஆளுக்கு யாராவது பத்திரிகை வைப்பாங்களா? நேத்துப் போனேன். சாயங்காலம் தொடக்கம். ஹாலு நிறஞ்சு கெடக்கு, எல்லாம் காலேஜுப் பிள்ளைங்க. வாசல்ல இந்தச் சட்டை வித்தாங்க. வரிசையில நின்னு வாங்கினேன். எனக்குள்ள அளவு தீந்துட்டு, அதான் இப்பிடிப் புடிக்குது. உள்ள போய் ஓரமா நின்னேன். மேடையிலேருந்து கூப்பிட்டா ஏறதுக்கு வசதியா.

மூணு பேரும் வந்தாங்க. ஒரு வணக்கம்கூடச் சொல்லல. நேரா வாசிப்புதான். அதுவும் எப்பிடி! சுயம்பு அடிச்ச அடியில எனக்க நெஞ்சுக்கூடு அதிர்ந்துது. பெனிட்டா கண்ண மூடிட்டு வாசிக்கா. அவ சிரிச்சு நான் மேடையில பாத்ததே இல்ல, நேத்து சிரிச்சா. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல ஒரு பேச்சும் இல்ல. தண்ணி குடிக்காங்க, கம்பிய முறுக்குகாங்க, பிள்ளைங்க காத்துட்டு நிக்காங்க. நான் இருந்திருந்தா அந்த நேரத்த வீணா விட்டிருக்க மாட்டேன்.

நடுவுல ஒருதடவைதான் ரெக்ஸ்லின் மைக்குக்கிட்ட வந்தான். "அடுத்ததுக்குப் பேரு கிளாட்சன்"னான். அவ்வளவுதான்.

ஆமா அண்ணாச்சி. எனக்க பேரு. ஆல்பத்துல அது கெடையாது, புதுசா போட்டிருக்கான். எனக்குக் காலு தரையில நிக்கல. கிட்டார்ல ஒரு பெடல் இருக்கு, அத மிதிச்சா கிட்டார் மனுஷன் பேசுகது மாதிரியே வாயத் தொறந்து மூடும். அத வச்சு வாசிச்சான். நான் பேசுகது மாதிரியே! அதே ஏத்தம், அதே எறக்கம். பேசுகு, பேசுகு, நிறுத்தல. டிரம்ஸு உள்ள வரப் பாக்கும், கிட்டார் விடாது. பேஸ் ஒரு வார்த்தை சொல்லப் பாக்கும், அதுக்குள்ள கிட்டார் அடுத்தத எடுத்துரும். ஹாலே சிரிக்குது. சுயம்பு கம்பத் தூக்கிப் பிடிச்சுட்டு தலையாட்டுகான், ஜனங்க வயித்தப் புடிச்சுட்டு சிரிக்காங்க. நானும் சிரிச்சேன். பக்கத்துல நின்ன பிள்ளைகிட்ட, "அது நானாக்கும்"னு சொன்னேன். சத்தத்துல கேக்கல போல.

ஆனா முடிவுல ஒண்ணு பண்ணினான். பேசிட்டே இருந்த கிட்டார் டக்குனு நின்னுட்டு. டிரம்ஸும் பேஸும் இப்ப வரலாம். ஆனா வரல. ரெண்டும் சும்மா நிக்குது, அது மறுபடி பேசும்னு பாத்துட்டு நிக்கிறது மாதிரி. ஹால்ல சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமா அடங்கிட்டு. அப்புறம் பேஸ் மட்டும் ரொம்பப் பைய, யாரையோ கூப்பிடுகது மாதிரி ரெண்டு தட்டு. அதோட விளக்க அணைச்சுட்டாங்க. ரெக்ஸ்லின் மறந்துட்டான்னுதான் நினைக்கேன். அங்க இன்னும் வாசிக்க நிறைய எடம் இருந்தது.

கடைசியா அப்பாவுக்க டியூன். கிட்டார் மொதல் சத்தத்தப் போட்டு விட்டுது. தேஞ்சு போகுது. அதான் எனக்க எடம். "அப்பா நீ"ன்னு எடுத்துட்டேன், என்ன அறியாமலே. முன்னால நின்ன ஒரு பெண்பிள்ளை திரும்பிப் பாத்தா. கோவமெல்லாம் இல்ல. கண்ணு நிறஞ்சு கெடக்கு. ஒரு விரல உதட்டுல வச்சா. அவளுக்கு நான் யாருன்னு எப்பிடித் தெரியும்? நான் வாய மூடிட்டேன். அந்த டியூன அப்பிடி நான் கேட்டதே இல்ல பாத்துக்கிடுங்க. எப்பவும் அடுத்து எந்த வரின்னு பாத்துட்டுல்லா நிப்பேன். ரொம்ப நீளமா இருந்தது. அவரு வாசல்ல வந்து நிக்கிறது மாதிரி இருந்தது. ஒரு 'ம்' மாதிரி.

முடிஞ்சு எல்லாரும் சட்டையில கையெழுத்து வாங்க நின்னாங்க. நான் வெளிய அவங்க வேனுக்கிட்ட போய் நின்னேன். பெனிட்டாதான் மொதல்ல வந்தா. "அண்ணே, வந்தீங்களா"ன்னு கையப் புடிச்சுக்கிட்டா. நான் கச்சேரி எப்பிடி இருந்தது, எங்க சத்தம் கூடுதல், எங்க குறைவுன்னு எல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டா. கழுத்துல புதுசா தாலிச் செயின் கெடந்தது. எப்ப, யாருன்னு கேக்கணும்னு நினைச்சேன், அதுக்குள்ள சுயம்பு கூப்பிட்டுட்டான். சுயம்பு என்னப் பாத்து தலையாட்டிட்டு பெட்டி தூக்கப் போயிட்டான்.

அப்புறம் ரெக்ஸ்லின் வந்தான், தோள்ல கிட்டார்ப் பையோட. முடியில ரெண்டு நரை. "லேய் மக்கா"ன்னு நான் போய்க் கட்டிப் புடிச்சேன். ரெண்டாவது ஆல்பத்தப் பத்திப் பேசினேன். குரலோட எப்பிடிப் போடலாம், அப்பா பாட்டுல நாலு வரிய மட்டும் வச்சுட்டு மத்தத விட்டுரலாம், நான் விட்டுக் குடுக்க ரெடி, அப்பிடியெல்லாம் சொல்லிட்டே போறேன். அவன் கேட்டுட்டே நின்னான். அப்புறம் சொன்னான், கோவமே இல்லாம, பிள்ளைங்ககிட்ட சொல்லுகது மாதிரி:

"கிளாட்சா, ஒரு நிமிஷம் பேசாம இரு மக்கா."

செரின்னு இருந்தேன்.

நான் இருந்தேன் அண்ணாச்சி. ஒரு வார்த்தை பேசல. அவன் என்னப் பாத்தான். வாயத் தொறந்தான், மூடினான். அந்தாலே ரோட்டப் பாத்தான். எவ்வளவோ இருக்கும் அவனுக்குச் சொல்ல, இத்தன வருஷத்துக்கு. பின்னால பெட்டியெல்லாம் ஏத்தி முடிச்சு வேன் கதவச் சாத்தினாங்க. ரெண்டு பேரும் அப்பிடியே நிக்கோம், ரெண்டு பேருக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல. பேசாம இருக்கச் சொல்லியிருக்கான்லா, அதனால இருக்கேன்.

கடைசியில அவன் கேட்டான். "சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்"னேன்.

"செரி"ன்னு தலையாட்டினான். எனக்க தோள்ல ஒருதடவை கையை வச்சான். வேன்ல ஏறினான். பெனிட்டா ஜன்னல்லேருந்து கையை ஆட்டினா. போயிட்டாங்க.

நான் சாப்பிடல அண்ணாச்சி. காலையிலேருந்தே ஒண்ணும் சாப்பிடல. இல்லன்னு சொல்லியிருந்தா, 'வேன்ல ஏறு மக்கா'ன்னு சொல்லியிருப்பான். நாலு பேருமா எங்கயாவது போய் உக்காந்திருப்போம். ஏன் அப்பிடிச் சொன்னேன்னு ராத்திரி முழுக்க லாட்ஜுல கெடந்து யோசிச்சேன், பிடிபடல. எனக்குப் பேச்சுக்கா பஞ்சம்? அவன் ஒத்த வார்த்தைதான் கேட்டான். எனக்கும் ஒத்த வார்த்தைதான் வந்தது.